மருந்து நல்லதுதான், கணக்கு?

சிறிய உயிரியல் தொழில்நுட்பக் கம்பனியின் பங்கை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் மருந்தைப் பற்றி அல்ல, அதன் பணம் எப்படிக் கைக்கு வரும் என்றே கேட்பேன்.

அமெரிக்காவின் டென்ட்ரியன் கம்பனியைப் பாருங்கள். அதன் புரொஸ்டேட் புற்றுநோய் மருந்துக்கு 2010 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. அப்போது நோயாளி ஒருவருக்கு 93,000 டொலர். வைத்தியர்கள் தம் பணத்தில் வாங்கிவிட்டு, காப்புறுதிப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். கடனுக்குச் சரக்குக் கொடுத்துப் பழகிய நமக்கு அந்தச் சங்கடத்தைச் சொல்லத் தேவையில்லை.

நிருவாகமோ 2011இல் 350 மில்லியன் டொலருக்கு மேல் விற்கும் என்று அறிவித்து, கடன் பத்திரங்களால் 620 மில்லியன் திரட்டி, மூன்று தொழிற்சாலைகளை நடத்தியது. ஒகஸ்ட்டில் அந்த எதிர்பார்ப்பை வாபஸ் பெற்றதும் பங்கு விலை ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு விழுந்தது. 2014 நவம்பரில் வங்குரோத்து மனு. மருந்து மட்டும் வேறு உரிமையாளர்களின் கையில் தொடர்ந்து விற்பனையானது.