பந்துக்குள் ஒரு பால்மரம்

2011 அக்டோபர் 16. கோலாலம்பூர் புக்கிட் கியாராவின் கோல்ஃப் திடலில் கொரிய வீராங்கனை சோய் நா-யோன் நான்கு நாள் ஆட்டத்தை 269 அடிகளில் முடித்தார். திடலின் கணக்குக்கு 15 அடி குறைவு. அப்போது உலகின் முதல்நிலை வீராங்கனையாக இருந்த தைவானின் யானி செங்கை அவர் முந்தியது ஒரே ஓர் அடியில்தான். அந்த வெற்றிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அமெரிக்காவின் எல்பிஜிஏ மகளிர் கோல்ஃப் தொடரில் கொரியர்களும் கொரிய வம்சாவளியினரும் சேர்ந்து பெற்ற 100-வது வெற்றி அது. முதல் வெற்றியை 1988-இல் கூ ஓக்-ஹீ பெற்றிருந்தார். 23 ஆண்டுகளில் எட்டிய நூறாவது வெற்றி நம் நாட்டில், ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற மண்ணில் நிகழ்ந்தது.

ஒவ்வோர் அடியிலும் மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 269 அடிகளையும் கூட்டினால் ஒரு விநாடியின் எட்டில் ஒரு பங்குதான் வரும். நான்கு நாள் நடை, வெயில், மழை, பதற்றம் எல்லாம் போக, ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்த தொடுகை அவ்வளவுதான்.

அந்த அரை மில்லி விநாடிக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஒரு முன்னணி வீராங்கனையின் நீண்ட மட்டை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அசையாமல் இருந்த 46 கிராம் பந்து மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. மட்டையைவிடப் பந்து ஒன்றரை மடங்கு வேகம். கனமான பொருள் இலேசான, துள்ளும் பொருளை மோதினால் இது சாத்தியம். மோதும்போது பந்தின்மேல் விழும் சராசரி விசை ஏறக்குறைய 600 கிலோ எடைக்குச் சமம். பந்து நசுங்குகிறது, உடனே பழைய வடிவுக்குத் திரும்புகிறது. திரும்பும் அந்த உந்தல்தான் அதை எறிகிறது. மட்டை முகம் சற்றுச் சாய்ந்திருப்பதால் பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி போகிறது. நீண்ட மட்டையில் நிமிடத்துக்கு 2,600 சுற்று, குட்டையான இரும்பு மட்டைகளில் அதைவிடப் பல மடங்கு.

இனி வேலை காற்றினுடையது. பின்சுழலும் பந்து தன்னை ஒட்டிய காற்றைப் பின்புறம் கீழ்நோக்கித் தள்ளுகிறது. காற்று கீழே போனால் பந்து மேலே எழ வேண்டும். பறக்கத் தொடங்கும் நேரத்தில் இந்தத் தூக்குவிசை பந்தின் எடைக்கு ஈடாகவும் சில வேளைகளில் அதை மிஞ்சியும் இருக்கும். அதனால்தான் நன்றாக அடிபட்ட பந்து எறிந்த கல்லைப் போல உடனே வளைந்து விழாமல், நெடுந்தூரம் நேராக ஏறிப்போகிறது. இதை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர்களில் ஒருவர் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் குத்ரி டெய்ட். அவருடைய மகன் ஃபிரெடி 1896-இலும் 1898-இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற ஆட்டக்காரர். மகன் அடிக்கும் பந்து ஏன் இவ்வளவு நேரம் வானில் நிற்கிறது என்ற கேள்வி தந்தையைப் பல ஆண்டுகள் விடவில்லை.

பந்தின் மேலுள்ள குழிகளும் அழகுக்கு இல்லை. ஒரு பந்தில் 300 முதல் 500 வரை இருக்கும். ஒவ்வொன்றின் ஆழமும் கால் மில்லிமீட்டர் அளவுதான். வழவழப்பான பந்தை ஒட்டி ஓடும் காற்று பாதியிலேயே பிரிந்து, பின்னால் அகலமான ஒரு சுழற்பகுதியை விட்டுச்செல்லும். அந்தச் சுழற்பகுதி பந்தைப் பின்னுக்கு இழுக்கும். குழிகள் காற்றைச் சிறிது கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்று பந்தின் முதுகோடு இன்னும் சற்று நேரம் ஒட்டிக்கொள்கிறது, இழுவை ஏறக்குறைய பாதியாகிறது. குழியில்லாத பந்தை அதே வலுவோடு அடித்தாலும், குழியுள்ள பந்து போகும் தூரத்தில் பாதிதான் போகும். வழவழப்பே வேகத்துக்கு நல்லது என்று மனம் சொல்கிறது, காற்று அதை மறுக்கிறது.

குழியின் பயனை முதலில் எந்த விஞ்ஞானியும் கண்டுபிடிக்கவில்லை, ஆடியவர்கள் பட்டறிந்தார்கள். அந்தக் கதை மலாயாவின் காட்டில் தொடங்குகிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்காட்லாந்தில் தோல் உறைக்குள் வாத்துச் சிறகை அடைத்துத் தைத்த பந்தில்தான் ஆடினார்கள். ஒரு கைவினைஞர் ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் சில பந்துகள்தான் தேறும், விலையோ பணக்காரருக்கு மட்டும் கட்டுப்படியாகும். 1843-இல் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்காமரி தாபான் மரத்தின் பாலில் இருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்ற பொருளின் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். மலாய்க்காரர்கள் நெடுங்காலமாகப் பாராங் கத்திப் பிடிக்குப் பயன்படுத்திவந்த பொருள் அது. வெந்நீரில் இட்டால் களிமண்ணாக இளகும், ஆறினால் இறுகும். செயிண்ட் ஆண்ட்ரூஸில் ராபர்ட் பேட்டர்சன் என்பவர் அதை உருட்டிப் பந்து செய்தார் என்கிறார்கள். கிழக்கிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த ஒரு விஷ்ணு சிலை உடையாமல் இருக்கச் சுற்றிலும் கட்டாபெர்ச்சாச் சில்லுகளை வைத்து அனுப்பியிருந்ததாகவும், அந்தச் சில்லுகளையே அவர் உருக்கியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, 1848-க்குள் கட்டாபெர்ச்சா பந்து களத்துக்கு வந்துவிட்டது, சிறகுப் பந்து சில ஆண்டுகளில் மறைந்தது.

புதிதாக வார்த்த வழவழப்பான பந்து தத்தளித்து விழுந்தது. அடிபட்டு வடுப்பட்ட பழைய பந்தோ நேராகப் பறந்தது. இதைக் கண்ட ஆட்டக்காரர்கள் புதுப் பந்தையும் சுத்தியலால் தட்டி வடுப்படுத்தினார்கள். காரணம் தெரியாமலே சரியானதைச் செய்த அந்தக் கைகளை நான் பெரிதும் மதிக்கிறேன். குழி வைத்த பந்துக்கான காப்புரிமையை இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் கோரியது 1905-இல்.

தாபான் பாலும் நமக்குத் தெரிந்த கித்தா எனும் ரப்பர் மரத்தின் பாலும் வேதியியலில் உடன்பிறப்புகள். இரண்டிலும் ஐசோப்ரீன் என்ற ஒரே கண்ணிதான் ஆயிரக்கணக்கில் கோத்துக் கிடக்கிறது. அணுக்களின் எண்ணிக்கையிலும் வேறுபாடில்லை. கண்ணிகள் சேரும் கோணம் மட்டும் வேறு. தாபானில் சங்கிலி நீட்டாக இருப்பதால் ஒன்றோடொன்று அடுக்கடுக்காகப் படிந்து கட்டியாகிறது. கித்தாவில் ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கமாக வளைந்திருப்பதால் சங்கிலிகள் அடுக்கில் சேராமல் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் நிமிர்கின்றன, விட்டால் மறுபடி சுருள்கின்றன. ரப்பரின் துள்ளல் முழுவதும் இந்த ஒரு வளைவில் இருக்கிறது.

இந்தப் பால் வந்த மண்ணைப் பார்க்கக் கெடாவுக்கு வருவோம். தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் நிற்பவருக்கு முன்னால் மெர்போக் ஆறு கடலில் கலக்கிறது, பின்னால் குனோங் ஜெராய் நிற்கிறது. கடாரம் என்று சோழர் அறிந்த பூஜாங் பள்ளத்தாக்குக்கு இந்த முகத்துவாரம்தான் வாசல். காட்டுப் பொருளைத் தேடி வந்த மரக்கலங்கள் இந்த வழியாகத்தான் நுழைந்தன. இன்று இங்கே நெத்திலி காய்கிறது, பெலாச்சான் விற்கிறது. உள்ளே சுங்கைப்பட்டாணி, பீடோங், செமிலிங் பக்கம் போனால் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த தோட்டங்கள். தாபான் பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்ததால் தீபகற்பத்தின் காடுகளில் அந்த மரம் அருகிப்போனது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அந்தப் பாலைத்தான் உலகம் கேட்டது. கித்தா மரத்தை வெட்டத் தேவையில்லை, பட்டையைச் சீவினால் போதும். அதைச் சீவ வந்தவர்கள்தான் நம் முன்னோர்.

விடியலுக்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகும் தொழிலாளி ஒரு மரத்தின் முன் நிற்பது சில விநாடிகள்தான். ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, உளியை முந்தைய வெட்டின் மேல் வைத்து, இடமிருந்து வலமாகச் சரிவாக இழுப்பார். சீவல் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் பட்டைக்கு உள்ளிருக்கும் உயிர்ப்படலம் காயப்பட்டு மரம் முடிச்சு விடும். கண்ணுக்குத் தெரியாத அந்த எல்லையைக் கை மட்டும் அறியும். ஒரு முன்னணி கோல்ஃப் வீராங்கனையின் மணிக்கட்டுக்கு உள்ள நுட்பத்துக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

1898-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் கிடந்த ரப்பர் நூலை இழுத்து இழுத்து உருண்டையாகச் சுற்றினார். அதன்மேல் கட்டாபெர்ச்சா உறை போட்டதும் இரண்டு பால்களும் ஒரே பந்துக்குள் சேர்ந்தன. 1902-இல் சாண்டி ஹெர்ட் அந்தப் பந்தோடு பிரிட்டிஷ் ஓப்பனை வென்றதும் பழைய கட்டிப் பந்தின் காலம் முடிந்தது. பழைய சுற்றுப்பந்தை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உறை பிளந்ததும் இறுகிக் கிடந்த நூல் தானாகத் துடித்துத் துடித்து அறுந்து வெளியே சிதறும். இழுத்துக் கட்டி வைத்த அந்த விசைதான் மட்டை பட்டதும் பந்தை எறிந்தது.

பீடோங்கின் ஹார்வர்டு தோட்டம் அமெரிக்க ரப்பர் கம்பெனியான யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பரைச் சேர்ந்ததாக இருந்தது. அதே கம்பெனி 'யு.எஸ். ராயல்' என்ற பெயரில் கோல்ஃப் பந்தும் செய்து விற்றது. 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோற்றது, கெடா ஜப்பானியர் கைக்குப் போனது, சில வாரங்களில் மலாயா முழுவதும் விழுந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு கோல்ஃப் பந்து தயாரிப்பை நிறுத்தச் சொன்னது. ரப்பர் இல்லை. தொலைந்த பந்தைத் தேடியெடுத்துப் புது உறை போட்டு ஆடினார்கள். இங்கே தோட்டத்தில் உளி நின்றபோது உலகின் மறுபக்கம் ஓர் ஆட்டமே தடுமாறியது.

சோய் நா-யோனின் கதைக்கு வருவோம். 1998-இல் அவருக்குப் பத்து வயது. ஆசியப் பொருளாதார நெருக்கடியில் கொரியா துவண்டிருந்த ஆண்டு, இங்கே ரிங்கிட்டும் சரிந்து 3.80-இல் கட்டப்பட்ட ஆண்டு. அமெரிக்காவின் பிளாக்வுல்ஃப் ரன் திடலில் 20 வயது பாக் செ-ரி காலுறையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் பந்தை வெளியே அடித்து, அமெரிக்க மகளிர் ஓப்பனை வென்றார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து மட்டை பிடித்த சிறுமிகளின் தலைமுறையையே கொரியா 'செ-ரியின் பிள்ளைகள்' என்கிறது. சோய் அவர்களில் ஒருவர். 17 வயதில், அமெச்சூராக இருக்கும்போதே, கொரியத் தொழில்முறைப் போட்டி ஒன்றை வென்றார். 2010-இல் எல்பிஜிஏ தொடரின் பரிசுப்பணப் பட்டியலிலும் அடிச் சராசரியிலும் முதலிடம். 2011-இல் கோலாலம்பூர். 2012-இல் அமெரிக்க மகளிர் ஓப்பன் மறுபடி பிளாக்வுல்ஃப் ரன்னுக்கு வந்தபோது அதை வென்றவர் அவரே. பாக் செ-ரியும் அந்தப் போட்டியில் ஆடினார்.

அந்த இறுதி நாளில் பத்தாவது குழியில் அவருடைய முதல் அடி இடப்பக்கம் புதருக்குள் போய்விட்டது. ஐந்து அடியில் முடிய வேண்டிய குழிக்கு எட்டு. மட்டை முகம் ஒரே ஒரு பாகை திரும்பினாலும் 200 மீட்டர் தூரத்தில் பந்து மூன்றரை மீட்டர் விலகும். அதோடு சுழலும் அச்சும் சாய்வதால் காற்று பந்தை மேலும் ஒதுக்கித் தள்ளும். அந்தத் தடுமாற்றத்துக்குப் பிறகு அடுத்த குழியிலேயே ஓர் அடியை மீட்டு, நான்கு அடி வித்தியாசத்தில் வென்றார் என்பதுதான் வியப்பு. எல்பிஜிஏயில் மொத்தம் ஒன்பது வெற்றிகள். 2022-இல் கொரியாவில் ஆடிய தம் கடைசி எல்பிஜிஏ போட்டியில், ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார்.

நம் வெப்ப நாட்டில் ஆடுபவர்கள் ஈரக்காற்று கனமானது, பந்தைத் தடுக்கும் என்பார்கள். உண்மை நேர்மாறானது. நீராவியின் மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட இலேசு. எனவே ஒரே வெப்பத்தில், ஒரே அழுத்தத்தில், ஈரக்காற்றின் அடர்த்தி உலர்காற்றைவிடச் சிறிது குறைவு. வெப்பம் கூடினால் இன்னும் குறையும். பந்துக்கு உண்மையான சோதனை வீசும் காற்றுதான். பிற்பகலில் தஞ்சோங் டாவாய்க் கரைக்கு வரும் கடற்காற்று போன்ற எதிர்க்காற்றில், பின்சுழலும் பந்து முன்னே போகாமல் மேலே ஏறி, பாதி வழியில் பொத்தென்று விழும். அப்போது வலுவாக அடிப்பதைவிடச் சுழற்சியைக் குறைத்துத் தாழ்வாக அடிப்பதே பலன் தரும்.

இன்றைய பந்தில் கித்தாப் பால் இல்லை என்றே சொல்லலாம். 2000-க்குப் பிறகு சுற்றுப்பந்து தொழில்முறை ஆட்டத்திலிருந்து மறைந்தது. உள்ளே பாலிபியூட்டடையீன் என்ற செயற்கை ரப்பர், வெளியே யூரித்தேன் உறை. கெடாவிலும் பல கித்தா நிரைகள் எண்ணெய்ப்பனைக்கு இடம் விட்டன. சோய் வென்ற போட்டியை நடத்திய சைம் டார்பி, 1910-இல் மலாக்காவில் ரப்பர் தோட்டத் தொழிலில் பிறந்த நிறுவனம். 2010 முதல் 2012 வரை அந்தப் போட்டியின் முதல் மூன்று பட்டங்களையும் வென்றவர்கள் கொரியப் பெண்களே. நம்மவர்களில் ராமையா, நாச்சிமுத்து, குணசேகரன் போன்றவர்கள் தொழில்முறை ஆட்டத்தில் மலேசியாவுக்காக நின்றிருக்கிறார்கள். நம் பெண் பிள்ளைகளை இந்தத் திடல்களில் இன்னும் தேட வேண்டியிருக்கிறது.

கெடாவின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுங்கைப்பட்டாணியில் திடல் இருக்கிறது, கழித்த பந்துகளும் அங்கே கிடைக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கி வகுப்புக்குக் கொண்டு போங்கள். குழிகளை மாணவர்களே எண்ணட்டும். காற்றின் பாடத்தையும் ஐசோப்ரீன் பாடத்தையும் அதை வைத்தே நடத்தலாம். பாட்டன் பாட்டி சீவிய மரத்தின் பால் இப்படிப்பட்ட பந்துகளுக்குள் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.