காவியும் சாதிலிங்கமும்

எம் வீட்டுப் படிப்பறைக்குச் செந்நிறம் தீட்டுவதென முடிவாயிற்று. எந்தச் செந்நிறம் என்பதிலேதான் வழக்குப் பிறந்தது. கடையில் தந்த நிற அட்டைகளுள் என் மகள் சாதிலிங்க நிறத்தைத் தெரிந்தாள்; யான் காவியைத் தெரிந்தேன்.

இரண்டும் சிவப்பே, ஆயினும் பிறப்பு வேறு. காவி மண்ணிலே பிறப்பது. அதன் நிறம் இரும்பின் துரு. மஞ்சட் காவியை நெருப்பில் வாட்டினாலும் நீர் நீங்கிச் சிவக்கும். சாதிலிங்கமோ பாதரசமும் கந்தகமும் கூடியது. ஒளிபட்டாற் கறுக்கும் இயல்பினது. கி.மு. முதலாம் நூற்றாண்டிற் கட்டடக்கலை பற்றிப் பத்து நூல் வகுத்த உரோமானியர் விற்றுருவியசு ஒரு செய்தி கூறுகின்றார். பபேரியசு என்னும் எழுத்தர் ஒருவர் அவெந்தைன் குன்றிலிருந்த தம் மனையின் தூண்முற்றத்துச் சுவர்களெல்லாம் சாதிலிங்கம் பூசுவித்தார். முப்பது நாளில் அது திட்டுத்திட்டாய் நிறங்கெட்டது; வேறு வண்ணம் பூச வேண்டியதாயிற்று. ஞாயிறும் திங்களும் புகாத மூடிய அறையிலாயின் அந்நிறம் கெடாது என்பதும் அவர் கருத்து.

காவி துருவாதலின் மேலும் துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை. காற்றும் ஒளியும் புகும் சீகிரிப் பாறைக் குடைவிலே ஐந்தாம் நூற்றாண்டு ஓவியத்தின் காவிச்சிவப்பை இன்றும் காண்கின்றோம்.

சாதிலிங்கத்தை யான் இகழ்கின்றேனல்லேன். கண்டிக்காலச் சித்திரகாரர் அதனை ஆண்டமையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். சிங்களத்திலும் அதன் பெயர் சாதிலிங்கமே. தமிழாசிரியனுக்கு இஃது எத்துணை மகிழ்ச்சி!

இவற்றையெல்லாம் விரித்துரைத்தேன். மகள் பொறுமையாய்க் கேட்டாள். "ஐயா, இந்தத் தகரத்திலே இருப்பது பாதரசம் இல்லையே. பெயரும் நிறமுந்தானே சாதிலிங்கம்? பிறகு ஏன் கறுக்கும்?" என்றாள்.

விடை கூற இயலவில்லை. விற்றுருவியசைத் துணைக்கழைத்தது வீணாயிற்று. உண்மையை உரைப்பின், நிலைபேறு என் காரணமன்று. கோயில் மதிலின் காவிப்பட்டையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் இது. வேறு சிவப்பின் நடுவே அமர்ந்து ஏடு விரிக்க அதற்கு மனமில்லை. ஆனால், அவ்வறையில் இனி நெடுநேரம் இருந்து படிக்கப்போகிறவள் அவளன்றோ?

மூன்று சுவருக்குக் காவியும், சாளரத்துக்கு எதிர்ச்சுவருக்குச் சாதிலிங்க நிறமும் என்று இணங்கினோம். மேசையை எச்சுவர் நோக்கி இடுவது என்பது மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.