தண்ணீர் திறக்குமுன் கூரையைப் பார்த்தல்

பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்ட பிறகு மதுரைச் சமவெளியில் கூரை வேலைக்கு ஆள் அகப்படுவதில்லை. பேரணை முதல் கள்ளந்திரி வரையிலுள்ள இருபோகப் பகுதியின் 45,041 ஏக்கருக்கு, அணையில் இருப்புப் போதுமானதாயுள்ள வருஷங்களில், ஜூன் மாதத்திலேயே தண்ணீர் திறக்கப்படுகிறது. மேலூர், திருமங்கலம் பக்கத்து ஒருபோக நிலங்களான 1,05,002 ஏக்கருக்குச் செப்டம்பர் மாதத்தில் திறப்பது வழக்கம். அன்று முதல் நாற்றங்கால், தொழி உழவு, நடவு என்று ஆண் பெண் யாவரும் வயலுக்குப் போய்விடுகிறார்கள். கூரையைப் பற்றிய நினைவு ஐப்பசியின் முதற் பெருமழை கொட்டும் இரவில்தான் வருகிறது. அப்பொழுது செய்யக்கூடியது ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைப்பது ஒன்றே.

வீடு நனைவது யாருக்கும் கஷ்டந்தான். ஆயினும் குடியானவருடைய வீடு குடியிருப்பு மாத்திரமன்று; அவருடைய களஞ்சியமும் அதுவே. சாதாரணச் சாக்கில் வைக்கும் விதை நெல்லில் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படலாகாது என்பது விதைச் சான்று விதி. சுவரோரமாக அடுக்கிய மூட்டைகளின்மேல் இரண்டு மூன்று இரவு சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தால் அந்த அளவு கடந்துபோகும். மேற்பார்வைக்குச் சாக்கு காய்ந்துவிட்டது போலத் தோன்றும். உள்ளே நெல் புழுங்கி முளைப்புச் சக்தியை இழந்திருக்கும். அடுத்த ஆனியில் நாற்றங்கால் திட்டுத் திட்டாக முளைக்கும்பொழுது குடியானவர் விதையையும் கடைக்காரரையும் நோவாரேயன்றி, போன ஐப்பசியில் விலகிக் கிடந்த ஓட்டை நினைக்கமாட்டார். நிலக்கடலை நனைந்தால் நஷ்டம் இன்னும் அதிகம். அதிற் பற்றும் ஒருவகைப் பூசணத்தினின்று அஃப்ளாடாக்ஸின் என்னும் விஷம் உண்டாகிறது. அது மனிதருக்கும், பிண்ணாக்கைத் தின்னும் மாட்டுக்கும் ஆகாது. யூரியா மூட்டை கல்லாய் இறுகிப்போவது யாவரும் கண்டதே.

மதுரையில் வருஷத்துக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 85 சென்டிமீட்டர். அதிற் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலுள்ள மூன்று மாதங்களில் விழுகிறது. ஆனால் கூரையைக் கெடுப்பது மழை மட்டுமன்று. சித்திரை, வைகாசி வெயில் கீற்றின் நாரை முறிய வைக்கிறது. சுண்ணாம்புத் தளத்தை விரியச் செய்கிறது. பிறகு ஆடியில் மேல்காற்று மழையில்லாமல் இராப்பகலாக வீசி, தளர்ந்த கட்டையும் விலகிய ஓட்டையும் கிளப்பிவிடுகிறது. ஐப்பசி மழை கடைசியில் வந்து இவ்விரண்டும் திறந்துவைத்த வழியிலே உள்ளே இறங்குகிறது. ஆகையால் மழைக்குச் சற்று முன்பு, புரட்டாசியில், கூரையைக் கவனித்தாற் போதும் என்னும் பொதுவான எண்ணம் சரியன்று. அறுவடை முடிந்து வைக்கோலும் ஆளும் அகப்படும் மாசி, பங்குனியே கூரை வேலைக்கு ஏற்ற காலம். வைகாசி முடிவுக்குள் முக்கியமான வேலைகள் தீர்ந்திருக்கவேண்டும். சித்திரையில் முழுக்கூரையையும் ஒரே நாளிற் பிரித்துப் போடுவதும் ஆபத்து. கோடை இடிமழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

பனையோலைக் கூரையும் தென்னங்கிடுகுக் கூரையும் இன்று வீடுகளைவிட மாட்டுக்கொட்டகை, களத்துக் குடிசை ஆகியவற்றிலேயே மிகுதியாயிருக்கின்றன. ஓலை கிடுகைக்காட்டிலும் நெடுநாள் உழைக்கும். வெட்டிய ஓலையைத் தரையிற் பரப்பி, மேலே பாரம் வைத்துப் படியச்செய்து, நன்றாய் உலர்ந்தபின்பே வேயவேண்டும். பச்சை ஓலையை ஏற்றினால் அது சுருளும்போது இடைவெளி விழும். குருத்தையும் அதையடுத்த ஓலைகளையும் மரத்தில் விட்டுவைப்பது அவசியம். இவ்வகைக் கூரை நெடுநாள் நிற்பதும் சீக்கிரம் மக்குவதும் பெரும்பாலும் அதன் சரிவைப் பொறுத்தவை. சரிவு குறைந்தால் நீர் ஓடாமல் ஓலைக்குள்ளே ஊறும். உயரமும் அரை அகலமும் சமமாயிருக்கும்படி முகட்டை நிறுத்துவது நல்ல அளவு. சிலர் மரச் செலவைக் குறைக்க எண்ணி முகட்டைத் தாழ்த்திவிட்டு, வருஷந்தோறும் ஓலைக்குச் செலவழிக்கிறார்கள்.

ஒழுகும் இடத்தின்மேல் புதுக்கீற்று ஒன்றைப் போட்டுக் கல் வைப்பது பலருடைய வழக்கம். இதனால் ஒழுக்கு நிற்பதில்லை. நீர் வேறிடத்திற்குத் திரும்புகிறது, அவ்வளவே. பழைய வரிசையைச் சற்றே தூக்கி, புதுக்கீற்றின் தலைப்பை அதற்கடியிற் செருகிக் கட்டவேண்டும். விறகடுப்புப் புகை முன்னாளிற் கூரையிலுள்ள பூச்சிகளை ஓரளவு அடக்கி வந்தது. எரிவாயு அடுப்பு வந்தபின் பெண்களின் கண்ணும் மார்பும் பிழைத்தன. கூரைக்கு மட்டும் அந்தக் காவல் போயிற்று. ஆகவே வரிச்சையும் கட்டுகளையும் அடிக்கடி பார்ப்பது இப்பொழுது அதிக அவசியமாயிருக்கிறது.

நாட்டோட்டு வீடுகள் இன்னும் பல கிராமங்களில் நிற்கின்றன. இவற்றை வருஷத்துக்கொரு முறை பிரித்து மாற்றிவந்தால் இரண்டு மூன்று தலைமுறை உழைக்கும். மல்லாத்தி வைத்த ஓட்டு வரிசையில் நீர் ஓட, கவிழ்த்து வைத்த வரிசை அதன் ஓரங்களை மூடுகிறது. மல்லாத்திய ஓட்டில் வேப்பஞ்சருகும் அணிற்கூட்டுக் குப்பையும் அடைத்தால் நீர் ஓரம் வழிந்து உள்ளே விழும். ஓடு உடையாமலே வீடு ஒழுகுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இந்நிலையில் தேவையானது புது ஓடன்று, ஒரு துடைப்பமும் ஒரு பகல் வேலையுமே. இரண்டு சரிவுகள் கூடும் கூடுவாயை முதலிற் பார்க்கவேண்டும். முழுக்கூரையின் நீரும் அங்கேதான் வந்து சேருகிறது.

ஓடு மாற்றும்போது முகட்டிலிருந்து கீழ்நோக்கிப் பிரித்து, இறவாரத்திலிருந்து மேல்நோக்கி அடுக்கவேண்டும். இரண்டு கைமரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மட்டும் பிரித்து, அதை மூடிய பின்னரே அடுத்ததற்குப் போவது உத்தமம். ஆள் ஏறுவதற்கு ஓட்டின்மேற் பலகை போட்டுக்கொண்டால் பாதி உடைவு மிச்சமாகும். ஒவ்வோர் ஓட்டையும் விரல்முட்டியால் தட்டிப் பார்க்கலாம். கணீரென்று ஒலிப்பது நன்றாய் வெந்தது. மந்தமாய் ஒலிப்பது வேகாதது அல்லது கீறலுற்றது. சந்தேகமானால் மல்லாத்தி நீர் ஊற்றி ஒரு நாழிகை வைத்து, அடிப்புறத்தில் துளிக்கிறதா என்று பார்ப்பது. நாட்டோடு செய்யும் சூளை பல ஊர்களில் நின்றுபோய்விட்டது. ஆகையால் பழைய வீடு பிரிக்கும் இடத்தில் நல்ல ஓடு கிடைத்தால் சில நூறு வாங்கிக் கொல்லையில் அடுக்கிவைப்பது வீண் செலவாகாது. அழகர்மலையடி ஊர்களில் இது மிகவும் பொருந்தும். அங்கே குரங்குகள் செய்யும் சேதத்தைக் காற்றுகூடச் செய்வதில்லை.

ஓட்டைப் பிரித்த அன்றே மரத்தையும் சோதித்துவிடவேண்டும். வைரம் பாய்ந்த பனங்கை தலைமுறைக்கும் நிற்கும். அதற்கு அபாயம் சுவருக்குள் நுழையும் நுனியில்தான். அவ்விடத்தைக் கூரான கம்பியாற் குத்திப் பார்த்து, கம்பி எளிதில் இறங்கினால் மாற்றவேண்டியதே. சுவரில் கறையான் மண்கோடு தென்பட்டால் அதைச் சுரண்டிவிட்டு, அது எங்கிருந்து ஏறுகிறதென்று அடிவரை தொடர்ந்து பார்க்கவேண்டும். முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெய் பூசினால் மரத்துக்குக் காப்பு உண்டு. அது தோலிற் பட்டாற் புண்ணாகும், ஜாக்கிரதை. புதுப் பனங்கைக்கு முன்போல மரத்தை வெட்டிவிட முடியாது. பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று 2021-ம் வருஷத்து வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இருக்கிற கையைக் காப்பாற்றுவதே சுலபம்.

மங்களூர் ஓட்டை 1865-ல் பாசல் மிஷனார் மங்களூரிற் செய்யத் தொடங்கினர். ஒன்றோடொன்று கொளுவிக்கொள்வதால் இதற்கு வருஷாந்தர மாற்றுதல் வேண்டியதில்லை. ரீப்பர்க் கட்டைகளின் இடைவெளியை மட்டும், வாங்கிய ஓட்டையே வைத்து அளந்து அடிக்கவேண்டும். ஊருக்கு ஊர் ஓட்டின் அளவு சிறிது மாறும். முகட்டோட்டின் காரை விரிந்திருக்கிறதா என்று ஆடிக்கு முன் பார்த்தாற் போதும்.

மட்டப்பா வீடுகளில் இரண்டு வகை உண்டு. பழைய சுண்ணாம்புத் தளம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, பல நாள் கட்டையால் அடித்து இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து முடித்தது. 1636-ல் எழுந்த திருமலை நாயக்கர் மஹாலிற் சுண்ணாம்பு வேலையின் உறுதியை இன்றும் காணலாம். ஆனால் அதுவும் தானாக நிற்கவில்லை. நேப்பியர் பிரபு சென்னைக் கவர்னராயிருந்த 1866 முதல் 1872 வரையிலான காலத்தில் அது பழுதுபார்க்கப்பட்டது. இத்தகைய தளம் வெடித்தால் சிமென்டு பூசுவது பெரும் பிழை. சிமென்டு விறைப்பானது, வெயிலிற் சுண்ணாம்பு விரியும்போது அது கூட விரியாமற் பிளந்து, புகுந்த நீரை வெளியேறவும் விடாது. சுண்ணாம்பின் பழுதைச் சுண்ணாம்பாலேயே தீர்க்கவேண்டும்.

கான்கிரீட் தளத்துக்குப் பராமரிப்பே வேண்டாமென்று நினைப்பவர் அநேகர். கலைஞரின் கனவு இல்லம் என்னும் திட்டத்தின்படி 2024-25-ல் ஒரு லட்சம் வீடுகளுக்கு, வீடொன்றுக்கு ரூ. 3,50,000 வீதம், அரசாங்கம் ஒதுக்கியது. குடிசையிலிருந்து முதல் தடவையாகத் தளத்தின்கீழ் வந்த குடும்பங்கள் இதனால் பல. அவர்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது நீர்ப்போக்கி. 400 சதுர அடித் தளத்தில் போக்கி அடைபட்டு 10 சென்டிமீட்டர் உயரம் நீர் நின்றால் அதன் எடை ஏறக்குறைய 3,700 கிலோ. சருகு அடைப்பதற்கு ஒரு கைப்பிடி போதும். ஐந்தடிக்கு ஓரங்குலம் வாட்டம் இருக்கிறதா என்பதை ஒரு குடம் நீர் ஊற்றிப் பார்த்தே அறியலாம். தளத்தின்மேல் வைக்கோல் அடுக்குவது கூடாது. அதனடியில் ஈரம் மாதக்கணக்கிற் காயாமல் நின்று உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். பறவை எச்சத்தில் முளைக்கும் அரசு, வேம்பு ஆகியவற்றை இரண்டு இலைப் பருவத்திலேயே வேரோடு எடுத்துவிடவேண்டும். ஒரு வருஷம் விட்டால் வேரை எடுக்கத் தளத்தையே உடைக்கவேண்டிவரும். பங்குனியில் மேலே வெண்சுண்ணாம்பு இரண்டு மூன்று தடவை மெல்லிதாய்ப் பூசினால் கோடையில் உள்ளே வெப்பம் குறையும். தளமும் அதிகம் விரிந்து சுருங்காது.

ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உலர்ந்த நிலையில் அறுப்பதும் துளைப்பதும் வேண்டாம். அத்தூசு நுரையீரலுக்குக் கேடு. இரும்புத் தகட்டுக் கொட்டகைக்கு ஆடிக்காற்று அடியிற் புகுந்து மேலே தூக்கும். ஆகவே பாரம் வைப்பதைவிடக் கொக்கி ஆணிகளை முடுக்குவதே பயன்.

கூரையிலிருந்து விழும் நீரைத் தொட்டிக்கோ கிணற்றோரக் குழிக்கோ விடுவது 2003 முதல் தமிழ்நாட்டிற் கட்டாயம். சட்டத்துக்காக அல்லாவிடினும் சுவரடி அரிக்காமலிருப்பதற்காகவாவது இதைச் செய்யலாம். மண்சுவர் வீடுகளிற் கூரை நன்றாயிருந்தும் இறவார நீரால் அடி கரைந்து சுவர் சாய்வதுண்டு.

தை, மாசியில் நெருப்பே பயம். கும்பகோணத்திற் பள்ளிக்கூடமொன்றின் கீற்றுக் கூரையில் 2004 ஜூலை 16-ல் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டதை மறக்கலாகாது. கீற்றுக் கொட்டகையையொட்டி வைக்கோற்போர் போடுவதும், போகித் தீயைத் தெருவிலே மூட்டுவதும், தோல் உரிந்த மின்சாரக் கம்பியை வரிச்சோடு சேர்த்துக் கட்டுவதும் இன்னும் கண்கூடு. போருக்கும் கொட்டகைக்கும் இடையே ஒரு வண்டி தாராளமாய்த் திரும்பும் இடமாவது விடவேண்டும். மாட்டைக் கட்டும் கயிறு இழுத்தவுடன் அவிழும் முடிச்சாயிருக்கட்டும். எரியும் கீற்றை இழுத்துத் தள்ள நீண்ட தொரட்டி ஒன்றும், நிறைந்த தண்ணீர்த் தொட்டி ஒன்றும் கொட்டகைக்கு வெளியே இருக்கவேண்டும்.