சுவரும் சித்திரமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். சுவர் போனால் சித்திரம் என்ன ஆகும்?

பீகாரில் மிதிலை என்ற பகுதி உள்ளது. அங்கே கல்யாண வீட்டில் மணமக்கள் அறைச் சுவரில் பெண்கள் படம் வரைவார்கள். தாமரை, மூங்கில், மீன், கிளி எல்லாம் அதில் இருக்கும். அதன் பெயர் கோஹ்பர்.

கங்காதேவி அந்தப் பகுதிப் பெண். சிறு வயதிலேயே வரையப் பழகினார். 1966-67இல் பீகாரில் கடும் பஞ்சம் வந்தது. பெண்களுக்கு வருமானம் கிடைக்க அரசு வழி தேடியது. வரையக் காகிதம் கொடுத்தது. பின்னர் கங்காதேவியும் காகிதத்தில் வரைந்தார். 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பிறகு அவருக்குப் புற்றுநோய் வந்தது. அந்த வேதனையிலும் வரைவதை அவர் விடவில்லை. டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறைச் சுவர்களில் கோஹ்பர் வரைந்தார். 1991இல் காலமானார்.

2015இல் அங்கே புதுப்பிக்கும் வேலை நடந்தது. அந்தச் சுவர்ச் சித்திரம் அழிந்துவிட்டது. வரைந்த கை இல்லை. இனி யார் வரைவது?

ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. அந்தச் சித்திரத்தின் போட்டோக்கள் இருக்கின்றன. காகிதத்தில் வரைந்தவை இருக்கின்றன. 1997இல் அவரைப் பற்றி ஒரு புத்தகமும் வந்தது. அதனால்தான் இன்றும் பலர் அவர் வேலையைப் பார்க்க முடிகிறது.

உங்கள் ஊரிலும் படம் வரைபவர் இருக்கலாம். அவர் படங்களைப் போட்டோ எடுங்கள். வரைந்தவர் பெயர், ஊர், ஆண்டு எழுதி வையுங்கள். காகிதப் படங்களை வெயில், ஈரம், கரையான் படாமல் வையுங்கள். போட்டோவின் பிரதிகளை நாலு இடத்தில் கொடுத்து வையுங்கள். ஓரிடத்தில் அழிந்தாலும் மற்ற இடத்தில் இருக்கும்.

இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். அந்தப் பெயரை நீங்களே எழுதலாம்.