பருந்துப் பார்வையில் ஒரு பழைய பேட்டை

1860 அக்டோபர் 13 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்ற புகைப்படக் கலைஞர் சாமுவேல் கிங்கின் பலூனில் ஏறி, சுமார் 1,200 அடி உயரத்திலிருந்து ஊரைப் படமெடுத்தார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். ஆடுகிற கூடையில் நின்றபடி எடுத்த படங்களில் ஒன்று நன்றாக வந்தது. இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் வான்படங்களில் மிகப் பழையது அதுவே.

1872 நவம்பரில் பாஸ்டனின் வணிகப் பகுதியில் பெருந்தீ பரவி 776 கட்டடங்கள் அழிந்தன. பிளாக்கின் படத்தில் பளிச்சென்று தெரியும் தேவாலயங்களில் டிரினிட்டி எரிந்துபோனது, ஓல்ட் சவுத் தப்பியது. எரிந்த தெருக்கள் முன்பு எப்படி இருந்தன என்று அறிய, அந்தப் பலூன் படம் இப்போதும் உதவுகிறது. வரைபடத்தில் தெருவின் பெயர் இருக்கும், கொல்லைப்புறக் கொட்டகை இருக்காது. படத்தில் பெயர் விழாது, கொட்டகை விழுந்துவிடும்.

விமானங்கள் வந்தபின் வான்படமெடுக்கும் வேலை முறைப்பட்டது. அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஏறத்தாழ 60 சதவீதப் பரப்பு பொதுவாக இருக்கும்படி எடுப்பார்கள். அந்த இரண்டையும் ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவி வழியே பார்த்தால் கட்டடங்கள் எழும்பி நிற்கும், உயரத்தைக் கணக்கிடலாம். படமெடுத்த நாளும் நேரமும் தெரிந்தால் நிழலின் நீளத்தை வைத்தும் உயரத்தைக் கணிக்கலாம்.

பழைய படத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்துவதில்தான் சிக்கல். விமானத்தின் சாய்வாலும் நிலத்தின் மேடுபள்ளத்தாலும் தூரங்கள் கோணிப்போகும். படத்தின் ஓரங்களில் உயரமான கட்டடங்கள் வெளிப்பக்கம் சாய்ந்தாற்போல் தெரியும். ஆகவே அன்றும் இன்றும் ஒரே இடத்தில் இருக்கும் பாலம், தேவாலயம், தெருமுனை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கணினியில் படத்தை இழுத்துச் சரிசெய்கிறார்கள்.

பாஸ்டனிலேயே அந்த அடையாளங்கள் அரிதாகிப்போன ஒரு பேட்டை உண்டு: வெஸ்ட் எண்ட். பழைய வான்படங்களில் குறுகலான தெருக்களும் சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் குடியிருப்புகளும் இங்கே நெருக்கியடித்துக் கிடக்கின்றன. இத்தாலிய, யூதக் குடும்பங்கள் உள்ளிட்ட உழைக்கும் மக்கள் வாழ்ந்த இடம். நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் 1958 முதல் 1960 வரை இதன் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். பிற்காலப் படங்களில் அங்கே உயர்ந்த அடுக்குமாடிகளும் புல்வெளிகளும் தெரிகின்றன. வீடுகளோடு தெருக்களும் போய்விட்டதால், பொருத்திப் பார்க்கத் தெருமுனைகூடக் கிடைப்பதில்லை.

ஓரத்தில் தப்பி நிற்கும் ஓட்டிஸ் மாளிகை இருக்கிறதே என்றால், அதிலும் ஒரு கண்ணி. கேம்பிரிட்ஜ் தெருவை அகலப்படுத்தியபோது, 1920-களில், அந்த வீட்டை அப்படியே பெயர்த்துப் பின்னால் நகர்த்திவிட்டார்கள். அதற்கு முந்தைய படத்தில் அதை நம்பி அடையாளம் வைத்தால் கணக்கு பிசகும். லோமாஸ்னி வே சாலையில் பழைய குடியிருப்புக் கட்டடம் ஒன்று இன்றும் தனியாக நிற்கிறது. ஒரு காலத்தில் அதன் இருபுறமும் வீடுகள் ஒட்டியிருந்தன என்பது பழைய படங்களைப் பார்க்காதவர்க்குத் தெரியவே வாய்ப்பில்லை.

ஆனால் மேலிருந்து பார்ப்பதை மட்டும் நம்பக் கூடாது. கூரைகளின் நெரிசலைப் பார்ப்பவர், சீரழிந்த பகுதி என்று எளிதில் முடிவு கட்டிவிடுவார். நகர நிர்வாகமும் வெஸ்ட் எண்டுக்கு அந்த முத்திரையைத்தான் குத்தியது. இடிப்பதற்கு முன் அங்கேயே குடியிருந்து ஆராய்ந்த சமூகவியலாளர் ஹெர்பர்ட் கேன்ஸ், வாடகை குறைவு என்பதாலேயே ஓர் இடம் சீரழிந்தது ஆகிவிடாது என்று 1962-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். அவர் கண்ட உறவும் அண்டை அயலும் எந்தக் கேமராவிலும் விழுந்திருக்காது. எனவே வான்படத்தோடு வரிப் பதிவேடுகளையும், அங்கே வாழ்ந்தவர்களின் வாய்மொழியையும் சேர்த்து வாசிப்பதே நியாயம்.

அந்த வீடுகளை இடித்த நகர மறுசீரமைப்பு அமைப்பு, வெஸ்ட் எண்ட் மக்களிடம் 2015-இல் மன்னிப்புக் கேட்டது.