இலையின் அடிப்புறம் சேரும் மருந்துத் துளி

பருத்தி பயிரிடும் குடியானவர் ஒருவர், தமது கொல்லையில் இருமுறை மருந்து தெளித்தும் வெள்ளை ஈ குறையவில்லை என்று முறையிட்டார். நேரிற் சென்று இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். மேற்புறத்தில் மருந்து வழிந்து காய்ந்திருந்தது; அடிப்புறத்தில் ஒரு துளியேனும் படவில்லை. பூச்சியின் முட்டைகளும் குஞ்சுகளும் அங்கேயே இருந்தன. மருந்தில் குற்றமில்லை, சேரவேண்டிய இடத்தை அது சேராததே குற்றம்.

இக்குறையைத் தீர்க்க மின்னேற்றத் தெளிப்பான் என்னும் கருவி உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் லா என்பவர் 1970-களில் இதனைப் பயிர்களுக்கு ஏற்றவாறு அமைத்தார். இதன் தத்துவத்தை அறிவது கடினமன்று.

உலர்ந்த நாளில் பிளாஸ்டிக் சீப்பினால் தலைமயிரைச் சிலமுறை வாரிக் காகிதத் துணுக்குகளின் அருகே பிடித்தால், அவை தாவி ஒட்டிக்கொள்ளும். உராய்வினால் சீப்பில் மின்சாரம் தேங்குவதே காரணம். அது தனம், ருணம் என இருவகைப்படும். ஒரே வகை மின்சாரமுடைய பொருள்கள் ஒன்றையொன்று விலக்கும். மாறான வகையுடையவை ஒன்றையொன்று இழுக்கும். இவ்விசை தூரத்திற்கேற்ப மாறும் விதியைப் பிரெஞ்சு சாஸ்திரியாகிய கூலும் 1785-ம் ஆண்டில் முறுக்குத் தராசினால் அளந்து காட்டினார். தூரம் இருமடங்கானால் விசை நாலிலொரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதிலொரு பங்காகும். ஒரு பொருளிலுள்ள மின்சாரம் இருமடங்கானால் விசையும் இருமடங்காகும்.

இனிக் கருவிக்கு வருவோம். தெளிக்கும் முனையிலே துளிகள் யாவும் ஒரே வகை மின்சாரம் பெறுகின்றன. ஆகையால் ஒன்றையொன்று விலக்கிப் பரவுகின்றன. துளிக்கூட்டம் அணுகியதும், ஈர மண்ணில் வேரூன்றிய செடியில் பூமியினின்று மாறான மின்சாரம் ஏறுகிறது. அவ்விழுப்பினால் துளி இலையைச் சுற்றித் திரும்பி அடிப்புறத்திலும் படிகிறது. இதற்குத் துளி மிகச் சிறிதாயிருத்தல் அவசியம். பெருந்துளியின் பாரம் இவ்விசையை வென்று, அதனைத் தரையில் வீழ்த்திவிடும்.

கவனிக்க வேண்டியவை மூன்று:

1. வெளியில் நீட்டிய இலைகளிலேயே துளி முதலிற் படியும். அடர்ந்த செடியின் உள்ளே செல்லக் காற்றின் வேகமும் துணை வேண்டும்.

2. தூரம் மிகுந்தால் இழுப்புக் குன்றும். ஆதலின் கருவிக்குக் குறித்த தூரத்திலேயே முனையைப் பிடித்தல் வேண்டும்.

3. தெளிப்பவர் உடலும் பூமியோடு தொடர்புடையதே. செடியை நாடும் துளி அவரையும் நாடும். முகமூடி, கையுறை, முழு உடை இன்றித் தெளிக்கலாகாது. காற்றுக்கு எதிராக நின்றும் தெளிக்கலாகாது. கூலியாட்களுக்கு இதனை எடுத்துரைப்பது நிலமுடையோர் கடமை.

இக்கருவியை வாங்க எண்ணுவோர், வெறும் தண்ணீரைத் தம் கொல்லையிலேயே தெளித்துக் காட்டச் சொல்லி, உடனே இலைகளைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அடிப்புறம் நனைந்திருந்தால் மட்டுமே பணம் கொடுப்பது விவேகம். கிராம அதிகாரிகளும் இத்தகைய சோதனையை ஊரார் கூடியிருக்கையில் நடத்தச் செய்தால், பலருடைய பொருள் வீணாகாது காக்கப்படும்.