பறக்கவும் வேண்டும், பர்ஸும் கிழியக் கூடாது! - ரிமோட் ஹெலிகாப்டர் பழக ஒரு சிக்கன வழிகாட்டி

எந்த ரகத்தில் தொடங்குவது, காசை எதில் மிச்சப்படுத்துவது, எதில் மிச்சப்படுத்தவே கூடாது... முதல் ஹெலிகாப்டர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை.

பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கிய ரிமோட் ஹெலிகாப்டர் பெரும்பாலான வீடுகளில் எங்கே இருக்கிறது? அலமாரியின் மேல்தட்டில், ஒரு பிளேடு முறிந்து, தூசி படிந்து கிடக்கும். 'காசு வீண்' என்று அப்பா புலம்புவார். 'எனக்கு இது வராது' என்று பையனோ பெண்ணோ முடிவு செய்திருப்பார்கள். இரண்டுமே உண்மை இல்லை. தப்பான ரகத்தை வாங்கியிருப்பார்கள், அல்லது சரியானதை வாங்கி, தப்பான இடத்தில் பறக்கவிட்டிருப்பார்கள்.

இந்தப் பொழுதுபோக்கு பணக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த காலம் உண்டு. 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் போன்றவர்கள் ரேடியோவில் இயங்கும் ஹெலிகாப்டரைச் சாத்தியமாக்கியபோது, அதில் இருந்தது எரிபொருள் இன்ஜின். ஒரு முறை விழுந்தால் ஒரு மாதச் சம்பளம் போகும். லித்தியம் பாலிமர் பேட்டரியும், விரல்நுனி அளவு சென்சாரும் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. 2006-ல் ஹாங்காங்கின் சில்வர்லிட் நிறுவனம் கொண்டுவந்த 'பிக்கூ இசட்' என்ற உள்ளங்கை அளவு ஹெலிகாப்டர், இதைப் பொம்மைக் கடைக்கே கொண்டுவந்து சேர்த்தது.

ட்ரோன் சுலபம்... ஹெலிகாப்டர் ஏன் கஷ்டம்?

நான்கு விசிறி ட்ரோனில், கைப்பிடியை விட்டுவிட்டாலும் உள்ளே இருக்கும் சிப் சமாளித்துக்கொள்ளும். ஹெலிகாப்டர் அப்படியல்ல. மேலே இருக்கும் பெரிய விசிறி ஒரு பக்கம் சுழன்றால், உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் ஒரு குட்டி விசிறி. ஆனால், அந்த வால் விசிறி ஹெலிகாப்டரையே பக்கவாட்டில் தள்ளும். அதைச் சரிசெய்ய மேல் விசிறியைச் சற்றே சாய்க்க வேண்டும். சாய்த்தால் உயரம் குறையும். உயரத்துக்காக வேகத்தைக் கூட்டினால், மறுபடியும் உடல் சுழலும்.

உள்ளங்கையில் துடைப்பத்தை நிமிர்த்தி நிறுத்துவது போன்ற வேலை இது. ஒரு நொடி கவனம் சிதறினால் சாய்ந்துவிடும். ஒரே இடத்தில் அந்தரத்தில் நிறுத்தப் பழகிவிட்டால், கிடைக்கும் சந்தோஷமும் அதற்கேற்பப் பெரியது.

மூன்று ரகம்... உங்களுக்கு எது?

முதல் ரகம், இரட்டை அடுக்கு விசிறி. மேலும் கீழுமாக இரண்டு விசிறிகள் எதிரெதிர் திசையில் சுழலும். ஒன்றின் திருகுவிசையை இன்னொன்று ஈடுகட்டிவிடுவதால், உடல் தானாகச் சுழலாது. சைமா எஸ்107 இந்த ரகத்தில் உலகம் முழுக்கப் பிரபலமானது. சில நிமிடங்களிலேயே பறக்கவிடலாம். ஆனால், பல மாடல்கள் டிவி ரிமோட் போல அகச்சிவப்புக் கதிரில் இயங்குபவை. வெயிலில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. கூடத்துக்குள் மட்டும்தான் விளையாட்டு. பக்கவாட்டில் நகர்த்தும் வசதியும் பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது, ஒற்றை விசிறி, நிலையான பிளேடு கோணம். பார்க்க நிஜ ஹெலிகாப்டர் போலவே இருக்கும். 4 சேனல், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. விசிறியின் வேகத்தைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். டபிள்யூ.எல்.டாய்ஸ் வி911, அதன் அடுத்த வடிவமான வி911எஸ் ஆகியவை இந்த ரகம்.

மூன்றாவது, பிளேடின் கோணத்தையே மாற்றக்கூடியது. 6 சேனல். தலைகீழாகக்கூடப் பறக்கும். வீடியோக்களில் பார்த்து வாய்பிளக்கும் சாகசங்கள் எல்லாம் இதில்தான். எக்ஸ்.கே கே110 போன்ற சிறிய மாடல்களும் உண்டு, தைவானின் அலைன் டி-ரெக்ஸ் 700 போன்ற பெரியவையும் உண்டு. பெரிய ரகத்தை முழு செட்டாக வாங்கினால் லட்ச ரூபாயைத் தாண்டிவிடும்.

பத்து வயதுக்குக் கீழ் என்றால் முதல் ரகம் போதும். உண்மையிலேயே பழக வேண்டும் என்று நினைக்கும் பதின்ம வயதினரும் பெரியவர்களும் இரண்டாவது ரகத்தில் தொடங்குவதே லாபம். முதல் ரகத்தில் பழகியது அடுத்த கட்டத்துக்கு அதிகம் கைகொடுக்காது. மூன்றாவதில் நேரடியாகக் குதித்தால், முதல் வாரத்திலேயே உதிரி பாகக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

சின்னது ஏன் சிக்கனம்?

வி911 ரகத்தின் எடை சுமார் 50 கிராம். சுவரில் மோதினாலும் மோதலின் சக்தி மிகக் குறைவு என்பதால், பெரும்பாலும் அப்படியே எடுத்து மறுபடி பறக்கவிடலாம். எடையும் வேகமும் கூடக்கூட ஒவ்வொரு விழுகையின் செலவும் கூடும். பழகும்போது நூறு முறை விழப்போவது நிச்சயம். அதனால், வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல் 'ஒரு முறை விழுந்தால் எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள்.

பட்ஜெட்டைப் பிரிப்பது எப்படி?

கையில் இருக்கும் மொத்தத் தொகையையும் ஹெலிகாப்டருக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு ஹெலிகாப்டருக்கு, மீதி உதிரிகளுக்கு என்று ஒதுக்குங்கள். அந்த மீதியில் முதல் நாளே வாங்க வேண்டியவை: இரண்டு ஜோடி பிளேடு, ஒரு வால் விசிறி, கூடுதலாக இரண்டு பேட்டரி. ஒரு பேட்டரியில் பறப்பது ஆறேழு நிமிடம்தான். பிறகு சார்ஜ் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஒற்றை பேட்டரியோடு பழகுபவர்கள் சீக்கிரம் அலுத்துப்போவதற்கு இதுதான் காரணம்.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: "இந்த மாடலுக்கு உதிரி பாகம் தனியாகக் கிடைக்குமா?" இல்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பெட்டியில் 'ஆர்.டி.எஃப்' என்றிருந்தால் ரிமோட்டும் சேர்ந்தே வரும். 'பி.என்.எஃப்' என்றிருந்தால் ரிமோட் வராது, அதற்கு ஒத்துப்போகும் ரிமோட்டைத் தனியாக வாங்க வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று இரண்டாவதை ஆர்டர் செய்துவிட்டு விழிப்பவர்கள் நிறைய.

வெளிநாட்டு இணையதளங்களின் மலிவு விலையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 2022 பிப்ரவரி முதல், சில விதிவிலக்குகள் தவிர, ட்ரோன் இறக்குமதிக்கு இந்தியாவில் தடை இருக்கிறது. ஹெலிகாப்டர் பார்சலும் சுங்கத்தில் சிக்கினால் பணம் முடங்கிவிடும். குழந்தைகளுக்கான பொம்மை ரகம் என்றால் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

'செகண்ட் ஹேண்ட்' வலை

'பெரிய ஹெலிகாப்டர், பாதி விலை' என்ற விளம்பரம் சபலத்தைத் தூண்டும். ஆனால், பழைய பெரிய ஹெலிகாப்டரில் தேய்ந்த பேரிங், லேசாக வளைந்த தண்டு, கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ள பிளேடு எல்லாம் ஒளிந்திருக்கலாம். அனுபவம் இல்லாதவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இங்கே பணம் மட்டும் பிரச்னை இல்லை.

ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்றால், பிளேடின் நுனி மணிக்கு 550 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது என்று அர்த்தம். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில், அனுபவமுள்ள 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய பெரிய ரிமோட் ஹெலிகாப்டர் மோதி, பூங்காவிலேயே உயிரிழந்தார். பெரிய ரகத்தைப் பொம்மை என்று நினைக்கவே கூடாது.

முதல் பத்து பேட்டரி... இப்படிப் பழகுங்கள்

* மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலியான கூடத்தில் தொடங்குங்கள். வெளியே என்றால் இலை அசையாத காலை நேரம்.
* ஹெலிகாப்டரின் வால் உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். அப்போதுதான் உங்கள் இடது, அதற்கும் இடது. மூக்கு உங்களைப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். புதியவர்கள் அதிகம் விழுவது அங்கேதான்.
* தரையை ஒட்டியே பறக்கவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால், விசிறியின் காற்றே தரையில் பட்டுத் திரும்பி ஹெலிகாப்டரை ஆட்டும். முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அமைதியாக நிற்கும்.
* ஸ்டிக்கை அழுத்தித் தள்ளாதீர்கள். கட்டைவிரலால் தட்டிக்கொடுப்பது போல் சின்னச் சின்ன அசைவு போதும்.
* மோதப்போகிறது என்று தெரிந்தால், காப்பாற்ற நினைக்காமல் உடனே விசிறி வேகத்தைப் பூஜ்ஜியமாக்குங்கள். சுழலும் பிளேடுதான் உடையும், சிக்கிக்கொண்டு சுழல முயலும் மோட்டார்தான் கருகும்.

வால் பக்கம் பழகியதும், ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள். அடுத்து மூக்கு உங்களைப் பார்த்தபடி. கடைசியாக எட்டு போடுங்கள். பைக் லைசென்ஸ் போலத்தான்! ஒவ்வொரு பேட்டரி முடிந்ததும் மோட்டார் ஆறப் பத்து நிமிடம் விடுங்கள். சின்ன ஹெலிகாப்டர்களின் மோட்டார் சூட்டில்தான் சீக்கிரம் தேயும்.

கம்ப்யூட்டர் இருந்தால் சிமுலேட்டரில் பழகுவது இன்னும் மலிவு. அதில் ஆயிரம் முறை விழுந்தாலும் செலவு இல்லை. மூன்றாவது ரகத்துக்குப் போகும் முன் இது கிட்டத்தட்ட அவசியம்.

பேட்டரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒரு செல், முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். ஹெலிகாப்டர் ஏறத் திணறினால் உடனே இறக்குங்கள். கையில் தூக்கியதும் சூடாக இருக்கும் பேட்டரியை ஆறவைத்த பிறகே சார்ஜ் போடுங்கள். மெத்தை, சோபா மேல் வைத்து சார்ஜ் போடவே கூடாது. தரை டைல்ஸ் மேலோ, பீங்கான் தட்டிலோ வையுங்கள். போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், வெளியேயும் போகாதீர்கள். உப்பிய பேட்டரியை, 'இன்னும் ஒரு தடவை' என்று பயன்படுத்த வேண்டாம். அது தீப்பிடிக்கக் கூடியது.

வெளியே பறக்கவிடும் முன்...

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் ஹெலிகாப்டர் ரகத்தையும் உள்ளடக்கியவை. 250 கிராம் வரை உள்ளவை 'நானோ' பிரிவு. இவற்றுக்கு பைலட் லைசென்ஸ் தேவையில்லை. அதற்காக எங்கும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. விமான நிலையம், ராணுவப் பகுதி போன்ற இடங்களின் அருகே அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது குற்றம். மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் பகுதி பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மொட்டைமாடியும் தெருவும் வேண்டாம். மின்கம்பி, பக்கத்து வீட்டுக் குழந்தை இரண்டுமே அங்கே அருகில். ஞாயிறு காலை காலியாகக் கிடக்கும் மைதானம்தான் சரியான இடம்.

அடுத்த கட்டம் எப்போது?

மூக்கு உங்களைப் பார்த்தபடி, ஒரு பேட்டரி முழுக்க, ஒரே இடத்தில் நிறுத்த முடிகிறதா? அப்போது கோணம் மாறும் ரகத்தைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை 50 கிராம் போதும். அந்தச் சின்ன ஹெலிகாப்டர் கற்றுத் தருவது விரல்களுக்கு மட்டுமல்ல. விழுந்ததை எடுத்து, பிளேடை மாற்றி, ஏன் விழுந்தது என்று யோசித்து மறுபடி ஏற்றும் பழக்கத்தையும் சேர்த்தேதான். பிள்ளையோடு உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு பட்ஜெட்டில் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை!